தாத்தாவின் ரேடியோவும் லிபரேட்டர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் காபி எஸ்டேட் எழுத்தராக இருந்த என் தாத்தாவின் வீட்டுப் பரணில் பிசி-348 ராணுவ ரிசீவர் ஒன்று கிடைத்தது. அதற்குக் கரண்ட் தரும் டைனமோட்டர் என்ற மோட்டாரைக் கழற்றிவிட்டு யாரோ 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார்கள். தாத்தா இதில் திருச்சி வானொலி கேட்பார் என்கிறார் அம்மா. எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் புதிது. எல்லாக் கண்டென்சர்களையும் ஒரேயடியாக மாற்றிவிட உதிரிப் பாகங்கள் வாங்கிவிட்டேன். எங்கே தொடங்குவது? உரிந்த பெயிண்டைப் புதிதாக அடிக்கலாமா?

ரா., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ரா.,

பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

அம்மா சொன்ன விஷயம். பிசி-348 எடுப்பது 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை. அதை விட்டால் 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் நடுவிலுள்ள இடைவெளியில் விழுகிறது. தாத்தா கேட்டது பெரும்பாலும் சிற்றலையில் வந்த இலங்கை வானொலியாக இருக்கும். அதுவும் போர் விட்டுச்சென்ற சொத்துதான். நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நடந்த ரேடியோ சீயாக்கின் ஒலிபரப்பியை வைத்துத்தான் அது கடல் தாண்டி நம் டீக்கடைகளுக்கு வந்தது. அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார், அலைவரிசையைப் பற்றி அல்ல.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இரண்டாம் உலகப் போரின் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுடைய ரிசீவர் வகை அவற்றிலும் பறந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவற்றைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி பறக்கக் கூடாதென்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெங்களூர் வரை பறந்து வருமளவுக்கு மட்டும் கான்பூரில் ஒட்டுப்போட்டார்கள். முழு மராமத்து பெங்களூரில்தான். அந்த விமானங்கள் 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன.

நீங்களோ ரிசீவர் பேசுமா பேசாதா என்று தெரிவதற்குள் மூட்டையாகப் பாகங்கள் வாங்கிவிட்டீர்கள். என்ன அவசரம்? நாற்பது கண்டென்சரை ஒரே மூச்சில் மாற்றிய பிறகு சத்தம் வரவில்லை என்றால், அது பழைய பழுதா, உங்கள் கை செய்த பழுதா என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். என் பள்ளி விடுமுறைகள் அவர் கடையில்தான் கழிந்தன. ஒரு பாகத்தை மாற்றுவார், ரேடியோவைப் போடுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், அணைப்பார், பிறகுதான் அடுத்தது. கரண்ட் ஓடும்போது அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்திருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். “மொத்தமாக மாற்றிவிடுங்களேன்” என்று அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் பதில் பேசாமல் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எங்கே தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள்? கரண்ட் கொடுக்கும் முன் மாற்ற வேண்டியவை இரண்டே. டிரான்ஸ்பார்மரோடு வைத்த எலெக்ட்ரோலிட்டிக்குகள், அதாவது கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பெரிய கண்டென்சர்கள், ஒன்று. ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வான அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர் மற்றொன்று. இது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும்; வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை, ரிசீவருக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு உதவாது. குண்டு பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே விரல் வையுங்கள்.

டைனமோட்டர் போனதற்கு வருந்தாதீர்கள். 28 வோல்ட்டை 200-க்கு மேல் ஏற்றும் அந்த இரைச்சல் மோட்டாரைப் பலரும் கழற்றிவிட்டார்கள். ஆனால் டிரான்ஸ்பார்மர் பக்கத்து ஈயப் பற்றுகளைக் கலைக்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள், படமெடுங்கள். தேர்ந்த மெக்கானிக்கின் பற்று சிறிதாக, பளபளப்பாக இருக்கும். கட்டி கட்டியாக, கருகி இருந்தால் அது தாத்தாவின் கைவேலையாகவும் இருக்கலாம், அம்மாவுக்குக் காட்டுங்கள்.

ஐஎப் டிரான்ஸ்பார்மர் திருகுகளை, அதாவது ரிசீவரின் உள் அலைவரிசையைச் சரியாகப் பொருத்தி வைத்திருக்கும் திருகுகளை, மட்டும் தொடாதீர்கள். தொட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதவும் வேண்டாம்.