பயாப்சியிலயே கேன்சர்னு தெரிஞ்ச பிறகு எம்ஆர்ஐ எதுக்கு?

உங்க கேள்வி எனக்கு நல்லா விளங்குது. அம்மாவுக்கு தீட்டு நின்னு பல வருஷம் கழிச்சு திரும்ப ரத்தம் பட்டிருக்கு, கர்ப்பப்பைய சுரண்டி எடுத்து பார்த்ததுல உள்சுவர்ல கேன்சர்னு வந்திருச்சு, இப்ப டொக்டர் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க கண்டிக்கு எழுதிக் குடுத்திருக்கார், மஸ்கெலியாவுல இருந்து அவ்வளவு தூரம் அவங்கள கூட்டிட்டு அலையணுமா, நேரா ஆப்பரேஷன் பண்ணிட்டா என்னன்னு கேக்குறீங்க.

போங்க, கட்டாயம் போங்க. எங்க பெரியம்மாவுக்கும் இதே கேன்சர்தான், பொகவந்தலாவ பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க, கிளினிக் கிளினிக்கா கூட போனது நான், அப்ப டொக்டர்மார்கிட்ட கேட்டு தெரிஞ்சிக்கிட்டத சொல்றேன்.

பயாப்சி, அதாவது சுரண்டி எடுத்து பார்த்தது, சொல்றது கேன்சரா இல்லையா, என்ன வகை, எந்த கிரேட் (எவ்வளவு வேகமா வளரக்கூடியது)னு மட்டும்தான். அது உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்லாது. அதுக்குத்தான் எம்ஆர்ஐ. லயத்து சுவர்ல ஈரம் ஏறினா மேல்பூச்சோட நிக்குதா இல்ல உள்ளே கல்லு வரைக்கும் ஊறிட்டுதான்னு பார்த்துட்டுதானே மேசன் வேலைய தொடங்குவார், அது மாதிரிதான் இதுவும். கர்ப்பப்பையோட தசைச்சுவர்ல பாதிக்கும் குறைவா போயிருந்தா ஸ்டேஜ் 1ஏ, பாதியோ அதுக்கு மேலயோ போயிருந்தா 1பி. கர்ப்பப்பை வாயோட சுவர்த் திசு வரைக்கும் இறங்கியிருந்தா ஸ்டேஜ் 2. சூலகம், யோனி, நிணநீர்க் கட்டிகள்னு வெளிய போயிருந்தா 3, மூத்திரப்பையோட உட்சுவரோ குடலோட உட்சுவரோ, நுரையீரல் மாதிரி தூர இடம்னா 4. (2023ல இந்த ஸ்டேஜ் முறைய திருத்தி, செல்லோட வகையையும் சேர்த்துட்டாங்க, அதனால ரிப்போர்ட்ல வேற மாதிரி எழுத்து இருந்தா பதறாதீங்க.)

இந்த பாதிக்கணக்கு ஏன் முக்கியம்னா, ஆழமா போக போக நிணநீர்க் கட்டிக்கு பரவுற சான்ஸ் கூடுது. கிரேட் குறைவு, மேலோட்டமா நிக்குதுன்னா கர்ப்பப்பை, ரெண்டு சூலகம், குழாய் எல்லாம் எடுக்கிறதோட பெரும்பாலும் முடியும். ஆழமா போயிருந்தாலோ கர்ப்பப்பை வாய்ப்பக்கம் இறங்கியிருந்தாலோ ஆப்பரேஷனே வேற மாதிரி, நிணநீர்க் கட்டிகளையும் எடுத்து பார்க்கணும், கேன்சர் ஆப்பரேஷன்ல பழகின டொக்டர் இருக்கிற இடத்துக்கு, கண்டியோ மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியோ, அனுப்பணும், பிறகு கரண்ட் புடிக்கிறதும் (கதிர் சிகிச்சை) வரலாம். வயித்த தொறந்த பிறகு இத கண்டுபிடிச்சு தடுமாறுறத விட முன்னாடியே தெரிஞ்சிருக்கிறது எவ்வளவு நல்லது.

சாதாரண ஸ்கேன் எடுத்தாச்சேன்னு சொல்வாங்க. கீழ்வழியா விட்டு எடுக்கிற ஸ்கேன் உள்சுவர் தடிச்சிருக்கா, 4 மில்லிமீட்டருக்கு மேலயான்னு பார்த்து சந்தேகத்த கிளப்ப நல்லது. சிடி ஸ்கேன் நெஞ்சு, வயிறு பார்க்க நல்லது, ஆனா சுவருக்குள்ள எவ்வளவு ஆழம்னு எம்ஆர்ஐ அளவுக்கு காட்டாது. எம்ஆர்ஐல காந்தம்தான், எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்ல. கையில ஊசி போட்டு ஒரு மருந்து ஏத்துவாங்க, நல்ல தசை அந்த மருந்த நல்லா இழுத்து பளிச்சுனு தெரியும், கேன்சர் அந்தளவுக்கு இழுக்காது, அந்த வித்தியாசத்துலதான் எல்லை தெரியுது. கிட்னி சரியா வேலை செய்யுதான்னு முன்னாடி ரத்தம் பார்க்க சொல்வாங்க, அம்மாவுக்கு சீனி, பிரஷர் இருந்தா அந்த ரிப்போர்ட்ட மறக்காம கையில வச்சுக்கோங்க.

இப்ப யாரும் சொல்லித்தராத விஷயம். தாலில கோத்து வச்சிருக்கிற ஊசிப்பின், கொண்டை ஊசி, மெட்டி, மூக்குத்தி எல்லாமே கழட்டணும், ஊசிப்பின் இரும்பு, காந்தம் இழுத்துரும். பெரியம்மா தாலிய கழட்டவே மாட்டேன்னு நின்னாங்க, பெரியப்பாவே பக்கத்துல இருந்து கழட்டி வாங்கி, வெறும் மஞ்சக்கயிறு ஒண்ண கட்டிவிட்ட பிறகுதான் உள்ள போனாங்க. வருஷக்கணக்கா கழட்டாத மூக்குத்திக்கு முந்தின ராத்திரியே தேங்காயெண்ணெய் போட்டு வைங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர், உடம்புல பழைய ஆப்பரேஷன் கிளிப், எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்க.

அரை மணி நேரத்துக்கு மேல அசையாம குழாய்க்குள்ள படுக்கணும், தட்டுற சத்தம் பலமா கேக்கும், பயப்படுவாங்க. உள்ள மைக்ல சொல்றது சிங்களமா இருக்கலாம், அதனால என்ன நடக்கும்னு வீட்டுலயே தமிழ்ல விளக்கிருங்க, கையில குடுக்கிற பந்த அமுக்கினா ஆள் வரும்னும் சொல்லுங்க.

எம்ஆர்ஐயும் கடைசி முடிவு இல்ல. நிணநீர்க் கட்டிய அளவ வச்சுத்தான் பார்க்கிறாங்க, சின்னதுக்குள்ள இருக்கிற கேன்சர் தப்பிரலாம், கர்ப்பப்பையில பைப்ராய்ட் (கேன்சர் இல்லாத தசைக்கட்டி) இருந்தாலும் ஆழம் சொல்றது கஷ்டம். ஆப்பரேஷன்ல எடுத்தத லேப்ல பார்த்த பிறகுதான் உறுதியான ஸ்டேஜ், அது எம்ஆர்ஐயோட மாறினா யாரோ ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க.

ரத்தம் பட்டதுமே காட்டுனதால இந்த கேன்சர் நிறைய பேருக்கு ஆரம்பத்துலயே பிடிபடுது, அம்மா காட்டினது ரொம்ப நல்லது. சூடுன்னு சொல்லி வெந்தயத்தண்ணி குடிச்சு மறைக்கிறவங்க நம்ம தோட்டத்துல எத்தனை பேர். வெல் வுமன் கிளினிக்ல எடுக்கிற பாப் டெஸ்ட் நார்மல்னா இது இல்லைன்னு அர்த்தமும் இல்ல, அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட். எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் டொக்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க: பாதிக்கு மேல போயிருக்கா, கர்ப்பப்பை வாய்க்கு இறங்கியிருக்கா, நிணநீர்க் கட்டி ஏதும் பெருசா தெரியுதா. ரிப்போர்ட்டோட, படம் பதிஞ்ச சீடியையும் கேட்டு வாங்குங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினா அங்க படத்த நேர்ல பார்க்கணும்பாங்க.