ஏ.சி. ஓட்டினாலும் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க முடியுமா?

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஆகும். இப்போது ஒன்றரை டன் ஏ.சி. வாங்கியிருக்கிறோம், அதன் ஸ்டார் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 1000 யூனிட் என்று போட்டிருக்கிறது. இரவு எட்டு மணி நேரம், 24 டிகிரியில் ஓட்டினால் கரண்ட் பில் எவ்வளவு கூடும்? குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: அந்த 1000 யூனிட் என்பது ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போடப்பட்ட கணக்கு. ஆகவே மணிக்குச் சராசரியாக 0.625 யூனிட், எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட், அறுபது நாளுக்கு 300 யூனிட். உங்கள் வழக்கமான 250-ஐச் சேர்த்தால் 550 ஆகிவிடும். கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழுகிறது. எனவே நீங்கள் மிச்சப்படுத்த வேண்டியது அந்த 50 யூனிட்டைத்தான்.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி திறன் பணியகம். 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் 300 யூனிட் ஏறக்குறைய 264 ஆகும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே நிற்கும்படி டைமர் வைத்தால் 231 ஆகும். மொத்தம் 481. உடனே குளிரட்டும் என்று 18-இல் வைப்பதால் பயனில்லை, சாதாரண ஏ.சி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும்.

ஆனால் ஸ்டிக்கர் கணக்கு சராசரிதான். வேலூர் வெயிலில், அதுவும் மேல்தளத்தில், செலவு கூடவே வாய்ப்புண்டு. ஆகவே ஏ.சி. போடும் முன்பும் காலையில் நிறுத்திய பின்பும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏ.சி. போடாத ஓர் இரவிலும் அதே நேரங்களில் குறித்து, அந்த அளவைக் கழித்தால் உண்மையான செலவு தெரிந்துவிடும். 5 யூனிட்டுக்கு வெகுவாக மேலே போனால், முதலில் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இது அவசியம். அடுத்தது கூரை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுவதும் வெப்பத்தை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்டோ அடிப்பது, மேல்தள வீட்டுக்கு வேறெந்தச் செலவையும்விடப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. சித்திரை பிறக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.