ஆபரேஷன் ஆன முழங்கால்: பையனை எடுக்கலாமா?

கேள்வி: எங்க ஹாக்கி கிளப்புக்கு ஆள் எடுக்கறோமுங்க. 17 வயசுப் பையன், ட்ராக் ஃப்ளிக் (பெனால்டி கார்னர்ல பந்தை மட்டையால இழுத்துச் சுண்டி கோலுக்கு அடிக்கறது) அபாரம். ஆனா எட்டு மாசம் முன்னால இடது முழங்காலுக்கு ஏ.சி.எல். (முட்டிக்குள்ள இருக்கற தசைநார்) ஆபரேஷன். முதல் ஆளா எடுக்கலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: எடுங்கள், முதல் ஆளாக வேண்டாம். கண்ணபுரம் சந்தையில் காளையை நடக்கவிட்டுப் பார்க்காமல் யாரும் விலை பேசத் துண்டுக்குள் கை விடுவதில்லை. ‘ஃபிட்’ சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேளுங்கள். மெனிஸ்கஸும் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டு) கிழிந்து தைத்திருந்தால் கணக்கே வேறு.

ஒன்பது மாதம் முடியும்முன் மேட்ச் கூடாது. பிறகு ஒற்றைக்காலில் தாண்டச் சொல்லி டேப்பால் அளங்கள், காலுக்கு மூன்று முறை. வலது காலில் 150 செ.மீ. என்றால் இடதில் 135-ஆவது, அதாவது 90 சதவீதம், வேண்டும். இதில் ஒரு ஏமாற்று உண்டு: ஓய்வில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதனால் விகிதம் மட்டும் அழகாக வரும். காயத்துக்கு முந்தைய அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று செல்போனில் எதிரே நின்று வீடியோ எடுங்கள்.

ட்ராக் ஃப்ளிக்கில் இடது காலை எட்டி ஊன்றித்தான் உடம்பைத் திருப்ப வேண்டும். பாரம் முழுக்க அந்த முட்டியில். மூன்று நாள் தொடர்ந்து அடிக்கவிட்டு, மறுநாள் காலையில் முட்டியில் வீக்கம் இருக்கிறதா பாருங்கள்.

“பெனால்டி கார்னருக்கு மட்டும் இறக்குவோம்” என்று நினைத்தால் அது நடக்காது. பெனால்டி கார்னர் கொடுத்தபின் அது முடியும்வரை ஆள் மாற்ற விதி விடாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பர் காயம்பட்டாலோ சஸ்பெண்ட் ஆனாலோ மட்டும் விலக்கு. ஆக, உங்கள் பையன் ஏற்கெனவே களத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.