முதல் தேர்வில் இயற்பியல் போச்சு என்று குரூப் மாற்ற வேண்டாம்

கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருந்த அப்பாவுக்கு,

பிளஸ் ஒன் சேர்ந்த மகள் முதல் தேர்விலேயே இயற்பியலில் ஃபெயில், காமர்ஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கணக்கில் எண்பதுக்கு மேல் எடுக்கிறாள் என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

அவள் மார்க்கை விட்டது எறிபொருள் இயக்கத்தில், அதாவது எறிந்த பொருள் எப்படிப் போய் விழுகிறது என்ற பாடத்தில். நிறைய பிள்ளைகள் சறுக்குகிற இடம் அது. பக்கவாட்டில் போகும் வேகத்தையும் கீழே விழும் வேகத்தையும் ஒரே சமன்பாட்டில் போட்டுவிடுவார்கள்.

இன்று ராத்திரி மேசை விளிம்பில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சுண்டச் சொல்லுங்கள். அது விளிம்பைத் தாண்டும்போதே இன்னொரு நாணயத்தை அதே உயரத்திலிருந்து நீங்கள் சும்மா விடுங்கள். சத்தத்தைக் கவனியுங்கள், சரியாக விட்டால் இரண்டும் சேர்ந்தே தரையில் படும். சுண்டிய வேகம் நாணயத்தைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர, விழுவதைத் தாமதப்படுத்தாது.

அப்புறம் கணக்குக்கு வாருங்கள். 4.9 மீட்டர் உயரக் கிளையிலிருந்து உதிரும் மாங்காய் ஒரு விநாடியில் தரைக்கு வரும். அதே உயரத்திலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக எறிந்த கல்லுக்கும் அதே ஒரு விநாடிதான், ஆனால் 10 மீட்டர் தள்ளி விழும். காற்றின் தடையை இங்கே சேர்ப்பதில்லை.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடட்டும். இடப்பக்கம் கிடைமட்டம்: முடுக்கம் (வேகம் விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது) சுழி. வலப்பக்கம் செங்குத்து: முடுக்கம் 9.8, கீழ்நோக்கி. இரண்டுக்கும் பொது நேரம் மட்டுமே. மேல்நோக்கி எறிந்த பொருளுக்கு உச்சியில் செங்குத்து வேகம்தான் சுழியாகும், முடுக்கம் ஆகாது. இதையும் தனியாக எழுதி வைக்கட்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பழக்கம்தான் மார்க் வாங்கித் தரும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கே 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதம் வருகிற பிள்ளைக்கு இது நல்ல கணக்கு. பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருப்பதால் தூரத்து ஹாஸ்டல் செலவை நினைத்தும் பயப்பட வேண்டாம்.

அவளுக்கே காமர்ஸில்தான் ஆசை என்றால் அது வேறு பேச்சு, மாற்றுவதில் தவறே இல்லை. அதை மட்டும் மார்க்கைப் பற்றிப் பேசாத ஒரு நேரத்தில் அவளிடமே கேளுங்கள். இல்லையென்றால் காலாண்டு விடைத்தாள் வந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், எந்த வரியில் தவறியது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.