பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பார்வையாளர் படகில் இருந்து பார்த்துப் படமெடுக்கப் போகிறேன். எந்த லென்ஸ் கொண்டுபோக வேண்டும்?

கேள்வி முழுவதும் லென்ஸைப் பற்றியே இருக்கிறது. முதல் முறை போனபோது என் கவலையும் அதுதான். திரும்பி வந்து மெமரி கார்டைத் திறந்தால் ஏறத்தாழ 900 படங்கள். பாதிப் படங்களில் அடிவானம் சரிந்து, கடல் ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் வெள்ளைப் பாய்கள், பாய்கள், பாய்கள் மட்டுமே. மனித முகம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் கிடைத்தது: வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்த சக பார்வையாளருடைய முகம். இத்தனைக்கும் அது நல்ல லென்ஸ்.

ஆகவே லென்ஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். நடுவர் படகின் கொடி சொல்லிவிடும்.

காற்றை எதிர்த்து நேராகப் போகப் பாய்மரப் படகால் முடியாது. காற்று வரும் திசைக்கு இரு புறமும் சுமார் 45 பாகைக்குள் பாய் படபடக்குமே தவிர இழுக்காது. அதனால் பந்தயத் தடத்தின் திருப்பத்தைக் குறிக்க எதிர்காற்றில் இருக்கும் மிதவையை அடைய, மலைப்பாதையில் ஏறும் பஸ் போலப் படகுகள் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஏறுகின்றன. வழக்கமான பந்தயத் தடத்தில் எதிர்காற்றில் ஏறி அந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு, பிறகு காற்றோடு இறங்க வேண்டும். ஏறும்போது ஒரு கூட்டம் வலப்பக்கம், ஒரு கூட்டம் இடப்பக்கம் என்று பிரிந்துவிடும். யார் முன்னால் இருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய்க் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். பொறுங்கள், கணக்கெல்லாம் அந்த மிதவையில்தான் தீர்கிறது.

என் படங்களில் முகமே இல்லாமல் போனதற்குக் காரணமும் காற்றுதான். படகு சாயும்போது அதை நிமிர்த்த ஓட்டுநர்கள் காற்று வரும் பக்கத்து விளிம்பில் ஏறி, உடலை வெளியே தள்ளி உட்காருகிறார்கள். பாய் மறுபக்கம் புடைத்து நிற்கிறது. நான் நாள் முழுவதும் அந்த மறுபக்கத்தில் இருந்தேன். திரைக்குப் பின்னால் நாடகம் பார்த்தவன் கதைதான். படகுக்கு முன்னே, காற்று வரும் பக்கமாகச் சற்று ஒதுங்கி நின்றால், தண்ணீரைக் கிழித்து வரும் முகப்பு, வெளியே தொங்கும் உடல்கள், பல்லைக் கடித்த முகங்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் படகும் காற்றை மறைக்கும். பெரிய பார்வையாளர் படகு காற்று வரும் பக்கத்தில் நெருங்கி நின்றால், அதன் மறைவில் சிக்கும் பாய் தொய்ந்துபோகும். எஞ்சின் கிளப்பும் அலை இன்னொரு தொல்லை. மாதக்கணக்காகப் பயிற்சி செய்தவரின் பந்தயத்தை ஒரு படத்துக்காகக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. எனவே நன்றாகத் தள்ளி, தடத்துக்கு வெளியே நிற்க வேண்டும். நீள லென்ஸ் தேவைப்படுவது இதற்குத்தான்.

அந்த எதிர்காற்று மிதவையைப் பெரும்பாலும் தங்கள் இடப்பக்கம் விட்டுத்தான் சுற்றுவார்கள். காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால், படகுகள் வலப்பக்கத்தில் இருந்து வரிசையாக வந்து, மிதவையில் இடமாகத் திரும்பிக் கீழே இறங்கும். மிதவைக்கு அப்பால், இடப்பக்கமாக, தொலைவில் நம் படகு நின்றால் எல்லோரும் நம்மை நோக்கியே வருகிறார்கள். திரும்பிய சில நொடிகளில் ஸ்பின்னேக்கர் என்ற வண்ணப் பாய் பையில் இருந்து உருவப்பட்டு, கசங்கிய துணியாக மேலேறி, காற்றுப் பிடித்ததும் 'டப்' என்ற ஓசையோடு விரியும். விரிந்த பாயைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நொடி. பாதி முறுக்கிக்கொண்ட பாய், கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கும் ஒருவர், மேலே பார்த்துக் கத்தும் இன்னொருவர். தவறு நடப்பதும் அந்த நொடியில்தான்.

தொடக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சர்வதேச விதிப்படி முதல் சைகை 5 நிமிடம் முன்னால்: வகுப்புக் கொடி, அதாவது போட்டியிடும் படகு வகைக்கான கொடி, ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி. பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைச் சதுரம். 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது. சைகை ஒலியும் உண்டு, ஆனால் விதியில் கணக்குக் கொடிக்குத்தான். நமக்கும் அதுவே நல்லது. அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு ஒலி வந்து சேர ஒன்றரை நொடி ஆகும். சத்தம் கேட்டு ஷட்டரை அழுத்தினால் படகுகள் தொடக்கக் கோட்டைத் தாண்டியிருக்கும். கோட்டுக்குப் பின்னால் நின்றால் எல்லாப் படகுகளும் முதுகு காட்டிக்கொண்டு போகும். கோட்டின் ஒரு முனைக்கு வெளியே ஒதுங்கி நில்லுங்கள். பலர் முந்திவிட்டால் மொத்தத் தொடக்கத்தையும் ரத்து செய்து திரும்பக் கூப்பிடுவார்கள். எடுத்த படமெல்லாம் வீண் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வரும் முகங்களில் இருக்கும் எரிச்சலுக்கும் சிரிப்புக்கும் வேறு எங்கே போவீர்கள்?

இத்தனையும் நடக்க, நம் படகை ஓட்டுபவர் நம் பக்கம் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் அவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்த மிதவைப் பக்கம் போவார், எங்கே எஞ்சினைத் தணிப்பார், சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேளுங்கள். நான் இரண்டாவது முறை செய்தது இதுதான். கேமரா பழையது, லென்ஸும் பழையது, படங்கள் மட்டும் வேறு யாரோ எடுத்தவை போல இருந்தன.

இனி லென்ஸ். தண்ணீரில் இரண்டடி முன்னே போய் நிற்க வழியில்லை என்பதால் ஜூம்தான் வேண்டும். 70-200 மி.மீ. போதுமானது; 100-400 கிடைத்தால் இன்னும் நல்லது. படகில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். சட்டத்தை வெள்ளைப் பாய் நிறைத்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷர் அமைப்பில் வெளிச்சத்தை ஒரு படிக்கு (ஸ்டாப்) சற்றுக் குறைவாகக் கூட்டி வையுங்கள். கருநிறப் பாய் என்றால் நேர்மாறு. ஃபோகஸைப் பாயின் எண்ணிலோ ஓட்டுநரின் முகத்திலோ வையுங்கள், இல்லாவிட்டால் அது நீர்த்திவலைகளின் பின்னால் ஓடும். வெயில் பாய்க்குப் பின்னால் இருந்து வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். துணிப் பாய் விளக்குக் கூண்டு போல ஒளிரும். தையல் கோடுகளும் பாயை விறைப்பாக வைக்க நடுவில் செருகிய பட்டைகளும் தெளிவாகத் தெரியும்.

கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றாதீர்கள். எஞ்சினின் அதிர்வு முழுவதும் படத்துக்கு வந்துவிடும். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைத் தளர்த்தி, ஆடும் பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நிற்பது போல நில்லுங்கள். 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கவ்ஸ் நகரில் பாய்மரப் படகுகளைப் படமெடுத்துப் பேர் வாங்கிய பிராங்க் பீக்கன், ரப்பர் பந்தைப் பல்லால் கடித்தால் ஷட்டர் இயங்கும்படி தன் பெட்டிக் கேமராவை அமைத்துக்கொண்டார். இரண்டு கையும் கேமராவைப் பிடிக்கவே தேவைப்பட்டன. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸின் மேல் தெறித்த துளி காய்ந்து வெண்புள்ளியாக இருந்ததைச் சட்டை நுனியால் தேய்த்துவிட்டேன். உப்புத் துகள் கண்ணாடியில் மெல்லிய வளைகோடுகளைப் போட்டுவிட்டது. நல்ல வேளையாக அது முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடைக்க வேண்டும். குமட்டலுக்கும் கேமராவே பாதிக் காரணம். சட்டத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். அவ்வப்போது கேமராவை இறக்கி அடிவானத்தைப் பாருங்கள். அப்போது தண்ணீரைக் கருநிறத் திட்டுகள் உரசிக்கொண்டு வருவது கண்ணில் படும். அது வேகக் காற்று. அந்தத் திட்டு எந்தப் படகைத் தொடப் போகிறதோ அந்தப் படகின் மேல் லென்ஸைத் திருப்பி வைத்துக் காத்திருங்கள். அடுத்த சில நொடிகளில் அது சாயும்.

ஒவ்வொரு படகையும் பாய் எண் தெரிய ஒரு படமாவது எடுங்கள். பிறகு உரியவரைத் தேடிக் கொடுக்க உதவும். நான் அப்படித்தான் ஒரு பெண்ணைக் கரையில் கண்டுபிடித்தேன். அலை அவர் முகத்தில் உடைந்த அந்தப் படத்தை அன்றைய என் சிறந்த படமாக நினைத்திருந்தேன். திரையை வாங்கிப் பெரிதாக்கினார். முகத்தைப் பெரிதாக்குவார் என்று எதிர்பார்த்தால், பாயின் மேல் மூலையைப் பெரிதாக்கினார்.

"சே, இங்கே கயிற்றை இன்னும் ஒரு சாண் இழுத்திருக்கலாம்" என்றார்.