கூட்டினால் சுழி, வர்க்கம் எடுத்தால்?

அன்புள்ள ஐயா,

எதிர்ஃபெர்ரோ காந்தங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் (ஒவ்வோர் அணுவும் தாங்கும் குட்டிக் காந்தங்கள்) எதிரெதிராக நின்று கூட்டுத்தொகை சுழியாகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் தளவிளைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி, அதற்குள் எதைப் பார்க்கிறது?

– முதுகலை இயற்பியல் மாணவி, தாம்பரம்

அன்புள்ள மாணவிக்கு,

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். 1845இல் ஃபாரடே கண்ட விளைவில் ஒளியின் தளம் திரும்பும் கோணம் காந்தமாக்கத்தைப் பொறுத்தது. மேலும் கீழுமாக மாறி மாறி அடுக்கிய எளிய எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் அது பொதுவாகக் கைகொடுக்காது.

ஆனால் திருப்புத்திறன்களைக் கூட்டினால்தான் சுழி. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் சுழி வராது. வோய்க்ட் விளைவு இந்த வர்க்கத்தைப் பொறுத்தது. திருப்புத்திறன் அச்சுக்கு இணையாக அதிரும் ஒளிக்கு ஓர் ஒளிவிலகல் எண், குறுக்கே அதிரும் ஒளிக்கு இன்னொன்று. அச்சுக்குச் சாய்வாக அதிரும் ஒளியை அனுப்பினால் நீள்வட்டத் தளவிளைவோடு, அதாவது அதிர்வு நீள்வட்டமாகச் சுழன்றபடி, வெளியே வரும்.

படிகத்தில் இருக்கும் இறுக்கமும் இதே வேலையைச் செய்யும் என்பதால் வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நீல் வெப்பநிலையைத் தாண்டினால் காந்த ஒழுங்கு கலைந்துவிடும்; அங்கே மறையும் பங்குதான் காந்தத்தால் வந்தது. நிக்கல் ஆக்சைடுக்கு அது சுமார் 250 டிகிரி செல்சியஸ். குரோமியம் ஆக்சைடுக்கோ வெறும் 34 டிகிரிதான்! சென்னையின் மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் வைத்தாலே போதும், ஒழுங்கு போய்விடும். மார்கழிக் காலையில் திரும்ப வந்திருக்கும்.

வர்க்கத்துக்குக் குறி தெரியாது. ஒரே வரிசையில் ஒழுங்கு அமைந்த பகுதியை டொமைன் என்பார்கள்; மேல்-கீழ் டொமைனும் கீழ்-மேல் டொமைனும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் பிரித்துக் காட்டிய சோதனை 1994இல் இதே குரோமியம் ஆக்சைடில் வெளியானது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வட்டத் தளவிளைவுற்ற லேசரைச் செலுத்தி, இருமடங்கு அதிர்வெண்ணில் வெளிவரும் ஒளியை அளந்தார்கள். காந்த ஒழுங்கால் பிறக்கும் அலையும், ஒழுங்கு இல்லாவிட்டாலும் படிகம் தரும் அலையும் குறுக்கிடுகின்றன. ஒரு டொமைனில் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றதில் குறைக்கும். வலச்சுற்று ஒளியை இடச்சுற்றாக மாற்றினால் பிரகாசமான டொமைன் மங்கும், மங்கலானது பிரகாசிக்கும். எவ்வளவு அழகான யோசனை!

அப்புறம், கூட்டுத்தொகை சுழி என்றாலே, ஃபாரடே விளைவைப் போல வர்க்கமாக்காமல் வரும் நேர்விகித விளைவுகளும் சுழி என்று முடிவுகட்ட வேண்டாம். மாங்கனீசு மூன்றுக்கு வெள்ளீயம் ஒன்று என்ற சேர்மத்தில் திருப்புத்திறன்கள் முக்கோண மூலைகளில் 120 டிகிரி விலகி நிற்கின்றன. நிகரக் காந்தம் மிக மிகச் சொற்பம். ஆனாலும் அறை வெப்பநிலையிலேயே அதன் பரப்பில் எதிரொளிக்கும் ஒளியின் தளம் திரும்புவதை, அதாவது கெர் விளைவை, 2018இல் அளந்து காட்டினார்கள். அந்த முக்கோண ஒழுங்கு எந்தச் சமச்சீரைக் குலைக்கிறது என்பதுதான் அங்கே முடிவு செய்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் குழுக் கோட்பாடு (சமச்சீரை ஆராயும் கணிதம்) விருப்பப் பாடமாக இருந்தால் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் ஆக்சைடை முதல் பயிற்சியாகப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.