நடப்பு நிகழ்வுகள்: மேலூர் முதல் கம்பம் வரை வந்த கேள்விகளும் பதில்களும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் குரூப் 2 தேர்வில் தேறி அரசுப் பணியில் இருப்பவர்; மாலை நேரத்தில் வகுப்பும் எடுக்கிறார்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒரு வருடத்து நடப்பு நிகழ்வு மாதத் தொகுப்புகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. குரூப் 4 தேர்வுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வழி உண்டா?

முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குரூப் 4 தாளில் 200 கேள்விகள். அதில் 100 தமிழ், 25 திறனறிவு. மிச்சம் 75-க்குள்தான் வரலாறு, அரசியலமைப்பு, புவியியல், பொருளாதாரம், அறிவியல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றோடுதான் நடப்பு நிகழ்வும். அந்தச் சில கேள்விகளுக்கு ஆயிரம் பக்கம் படிப்பவர், தமிழ்ப் பகுதியில் கைக்கு எட்டிய மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார். தொகுப்பை எடைக்குப் போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். ஒரு செய்தியைப் படித்ததும் இதன் அடியில் எந்தச் சட்டம் இருக்கிறது, வரைபடத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை இல்லாத செய்தி பெரும்பாலும் தேர்வுக்கு உதவாது. கீழே வரும் பதில்களில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு மாணவி: டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அரிட்டாபட்டியைப் பற்றித் தேர்வில் என்ன கேட்டுவிடப் போகிறார்கள், அக்கா? எங்களுக்குத் தெரியாததா?

உங்களுக்குத் தெரியாததைத்தான் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு மலையும் தெரியும், சுனையும் தெரியும். சட்டப் பிரிவு தெரியாது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தது மாநில அரசு. அதிகாரம் தருவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், பிரிவு 37. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துதான் மாநிலம் இதைச் செய்ய முடியும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. “மத்திய அரசு அறிவித்தது” என்று ஒரு விடையைப் பக்கத்தில் வைத்தால் பாதிப்பேர் அதில் விழுவார்கள். இரண்டாவது தலம் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு, 2025இல்.

அடுத்து சுரங்கம். 2024 நவம்பரில், அரிட்டாபட்டியின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது. மாநிலத்தின் நிலத்தை மத்திய அரசு எப்படி ஏலம் விட்டது? 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2023இல் ஒரு திருத்தம் வந்தது. 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை அதனால் மத்திய அரசின் கைக்குப் போனது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையையும் புரட்டுங்கள்: மாநிலப் பட்டியலின் 23ஆம் பதிவும் மத்தியப் பட்டியலின் 54ஆம் பதிவும் சுரங்கத்தைப் பற்றியவை; முன்னது பின்னதற்குக் கட்டுப்பட்டது. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அறிவியல் பகுதிக்கும் இங்கே தீனி உண்டு. டங்ஸ்டனின் குறியீடு W, அணு எண் 74, உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை கொண்டது. வரலாற்றுப் பகுதிக்கு அந்த மலையின் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரை. நீங்கள் நடந்த பாதையில் பாடத்திட்டத்தின் கால்பங்கு கிடக்கிறது, தங்கச்சி.

உசிலம்பட்டியிலிருந்து: ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் ஒன்று சொன்னது, பிறகு வேறொன்று சொன்னது. தேர்வில் எதை எழுதுவது?

கேள்வியில் தேதியைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 8 அன்று வந்தது தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கின் தீர்ப்பு. இரண்டு நீதிபதிகள் அமர்வு. ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு 142ஐப் பயன்படுத்திச் சொன்னார்கள். காலக்கெடுவும் வைத்தார்கள். அடுத்த மாதம் குடியரசுத் தலைவர் பிரிவு 143இன்படி உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனை கேட்டு 14 கேள்விகளை அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துச் சொன்னது: ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் அளித்ததாகக் கருதுதல்’ என்பதற்கும் இடமில்லை, ஆனால் காரணமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் ஓர் அளவுக்குத் தலையிடலாம்.

முன்னது தீர்ப்பு, பின்னது ஆலோசனைக் கருத்து. அந்த வேறுபாடே ஒரு கேள்விக்கு ஆகும். மசோதாவுக்கு ஒப்புதல் தருவதில் பிரிவு 200 ஆளுநருக்கு, 201 குடியரசுத் தலைவருக்கு. பிரிவு 143இன்கீழ் 1991இல் காவிரிப் பிரச்சினையும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. எந்தக் கட்சி என்ன சொன்னது என்பதைத் தேநீர்க் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்திலிருந்து: முல்லைப்பெரியாறு பழைய செய்திதானே? இன்னும் படிக்க வேண்டுமா?

நம் பக்கத்தில் அது எப்போது பழைய செய்தியாகியிருக்கிறது? 1886 ஒப்பந்தம், 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் முடிந்த அணை, அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக். அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பராமரிப்பது தமிழ்நாடு. முழு நீர்மட்டம் 152 அடி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மே 7. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2014 மே 7 அன்றுதான் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பும் வந்தது. ஒரே நாளில் மதுரைச் சீமை சிரித்ததும் அழுததும் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். யாரும் தேதியை மறப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலம் 2017இல் கொண்டுவந்த திருத்தத்தை, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது.

மதுரை அண்ணா நகரிலிருந்து: கீழடி எந்த மாவட்டம் என்பதற்கு மாதிரித் தேர்வில் மதுரை என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். சிவகங்கை மாவட்டம். மற்ற அகழாய்வு இடங்களான சிவகளை, ஆதிச்சநல்லூர் இரண்டும் தூத்துக்குடி மாவட்டம்.

வாடிப்பட்டியிலிருந்து: உலகச் செய்திகள் மனத்தில் நிற்பதே இல்லை. பெயர்களெல்லாம் குழம்புகின்றன, அக்கா.

நாட்டின் பெயரைத் தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஏமனுக்கு எதிர்க்கரையில் ஜிபூட்டி, இடையில் பாப் எல் மண்டெப் நீரிணை; செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் இணைப்பது அது. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதிப் படையினர் அங்கே கப்பல்களைத் தாக்கியதால், சூயஸ் கால்வாய் வழியாகப் போகவேண்டிய பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. சரக்குக் கட்டணம் ஏன் ஏறியது என்பது அதிலேயே புரிந்துவிடும். ஹார்முஸ் நீரிணையை ஈரானுக்கும் ஓமனுக்கும் இடையே குறியுங்கள்.

அமைப்புகளில், யார் எப்போது சேர்ந்தார் என்பதுதான் கேட்கப்படும். பிரிக்ஸில் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் 2024இல். இந்தோனேசியா 2025 ஜனவரியில். ஜி20இல் ஆப்பிரிக்க ஒன்றியம் சேர்ந்தது 2023 புது டெல்லி மாநாட்டில்.

சோழவந்தானிலிருந்து ஒரு தந்தை: அம்மா, என் மகள் உலக தினங்களின் பட்டியலை மணிக்கணக்கில் ஒப்பிக்கிறாள். பயன் உண்டா?

குறைவு, ஐயா. அந்த நேரத்தில் உங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்ததையும், அதற்கான சட்டம் 1999இல் வந்ததையும் படிக்கச் சொல்லுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்றத்தின் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா?

இதில் வாக்களிக்கலாம், குடியரசுத் தலைவர் தேர்தலில் கூடாது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கோ நேர்மாறு: தலைவர் தேர்தலில் வாக்கு உண்டு, துணைத் தலைவர் தேர்தலில் இல்லை. 2025 செப்டம்பரில் தேர்வான சி.பி. ராதாகிருஷ்ணன், தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பதவிக்குப் போன மூன்றாமவர். முன்னவர்கள் எஸ். ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன்.

மதுரை மாசி வீதியிலிருந்து: ஜவுளிக் கடையில் வேலை. இரவு வீடு திரும்பவே பத்து மணி ஆகிவிடுகிறது. எங்கே படிப்பது, அக்கா?

விடுமுறை நாளில் சிம்மக்கல் மைய நூலகமோ நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமோ போய், அந்த வாரத்து நாளிதழ்களை மொத்தமாகப் புரட்டுங்கள். ஒரு வாரம் கழித்தும் நிற்கிற செய்தி எது, மறுநாளே செத்துப்போன செய்தி எது என்பது அப்போது தானாகத் தெரியும். தினமும் படிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. பஸ்ஸில் வரும்போது வானொலிச் செய்தி கேளுங்கள்.

பேரையூரிலிருந்து: நடப்பு நிகழ்வுக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் ஊகித்து எழுதலாமா?

டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஊகியுங்கள். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். இரண்டு விடைகளையாவது உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் கை வையுங்கள்.